தொடையகராதி தந்த வீரமாமுனிவர்

செய்யுள் என்பது சொற்களால் அமைந்த மாலை. மலர்கள் எத்துணை மணமுடையனவாயினும் அவற்றைப் பிணிக்கும் நார் இல்லையேல் மாலை அமையாது. செய்யுளுக்கு அந்நார்போல அமைவதைத் தொடை என்று நம் முன்னோர் வழங்கினர். மோனை, எதுகை, இயைபு, முரண், அளபெடை எனத் தொடை ஐவகைப்படும். அவற்றுள்ளே பாடத் தொடங்கும் இளைஞரைப் பெரிதும் அலைக்கழிப்பது எதுகையாகும். கருத்து நெஞ்சில் நிற்கும். முதலடியும் எளிதாக வந்து விழும். இரண்டாம் அடியின் தலையில் நிற்கவேண்டிய சொல் மட்டும் வாராது. கல்லூரி மலருக்கென்று ஒருமுறையேனும் கவிதை எழுத முயன்ற பழைய மாணவர் எவரும் இவ்வல்லலை அறிவர்.

இவ்வல்லலை நீக்குதற்கென்றே தமிழில் ஒரு நூற்பகுதி உண்டு. அதனை ஆக்கியவர் தமிழ் நிலத்திற் பிறந்தவரல்லர். தாய்மடியிற் கிடந்து தமிழ்த் தாலாட்டுக் கேட்டவருமல்லர். முப்பதாம் அகவையிலேயே இந்திய மண்ணிற் கால் வைத்தவர். அவரே வீரமாமுனிவர். தேம்பாவணி பாடிய புலவர் என்றும், பரமார்த்த குருவின் கதையைச் சொன்னவர் என்றும் அவரைப் பலர் அறிவர். எதுகைச் சொற்களை அகராதியாகத் தொகுத்தவர் அவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தம் வாழ்க்கையை அத்தொண்டினை நடுவாக வைத்து இவ்விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

பிறப்பும் வருகையும்

வீரமாமுனிவரின் இயற்பெயர் கொன்ஸ்தாந்தீன் யோசேப்பு பெஸ்கி என்பது. இத்தாலி நாட்டின் வடபாலுள்ள காஸ்திக்லியோனே என்னும் ஊரில் 1680 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் அவர் பிறந்தார். 1698 இல் யேசு சபையிற் சேர்ந்தார். சமயக் கல்வியை நிறைவு செய்தபின் கீழைநாட்டுத் தொண்டுக்கென அனுப்பப்பெற்று, 1710 இல் கோவாத் துறையை அடைந்தார். அடுத்த ஆண்டு மதுரைப் பணித்தலத்தைச் சார்ந்தார்.

அப்பணித்தலத்தில் அவருக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே ஒரு வழி வகுக்கப்பட்டிருந்தது. தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நோபிலி, இந்நாட்டுத் துறவியர் கோலம் பூண்டு, இந்நாட்டு மொழியிலே பேசியும் எழுதியும் வாழ்ந்து காட்டியிருந்தார். பெஸ்கியும் அவ்வழியையே பற்றினார். காவியுடையும் மரக்கறி உணவும் அவருக்கு உரியவாயின. தம் பெயரின் பொருளைத் தழுவித் தைரியநாதர் என்று முதலில் வழங்கினார். பின்னர் அதுவே வீரமாமுனிவர் எனத் தூய தமிழுருப் பெற்றது. இன்று தமிழ்நாட்டு அரியலூர் மாவட்டத்தில் அடங்கும் ஏலாக்குறிச்சி அவர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர். அவ்வூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அதன்மேல் கலம்பகமும் பாடினார்.

அவர் வந்தது தம் சமயத்தைப் பரப்புதற்கு. இதனை மறைக்கவேண்டுவதில்லை. அச்சமயக் கொள்கை எம்முடையதன்று. ஆயினும் அவர் தமிழுக்குச் செய்தவை சமய எல்லைக்குள் அடங்காமல் எல்லோருக்கும் உரியவையாகப் பெருகின. ஆதலின் அவற்றையே ஈண்டு விரித்துரைப்போம்.

செவியாற் கல்லாத மொழி

தமிழ்க் குழந்தை எதுகையை எங்ஙனம் கற்கின்றது? எவரும் அதற்குக் கற்பிப்பதில்லை. தாலாட்டிலும், ஊஞ்சற் பாட்டிலும், பழமொழியிலும், விடுகதையிலும் ஒத்த ஓசை மீண்டும் மீண்டும் காதில் விழுகின்றது. இலக்கணம் என்ற சொல்லை அறியுமுன்னரே அக்குழந்தையின் உள்ளத்தில் எதுகைக் களஞ்சியம் ஒன்று நிரம்பிவிடுகின்றது. நாம் தமிழ் கற்பிக்கும் புல்மோட்டைக் கரையோரத்தில் இதனை நன்கு காணலாம். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டினைக் கேட்போர், எழுத்தறியாதவரின் வாயிலும் மோனையும் எதுகையும் தாமாகவே வந்து பொருந்துவதை உணர்வர். கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களிடையே வழங்கும் நாட்டார் கவிகளும் இத்தகையனவே. அவற்றைப் பாடிய தாய்மார் எந்த அகராதியையும் புரட்டியவரல்லர்.

முனிவருக்கு இப்பேறு வாய்க்கவில்லை. அவர் செவியிற் பதிந்திருந்தது வேறொரு மொழியின் ஓசை. இத்தாலிய மொழிப் பாவலர் அடிகளின் ஈற்றிலே ஓசையை ஒப்புவிப்பர். 14 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாந்தேயும் பெத்திரார்க்காவும் அம்முறையைப் பெருஞ்சிறப்புக்கு உயர்த்தினர். தமிழிலோ ஈற்றொப்புமை இயைபு என்னும் பெயரால் உண்டெனினும், செய்யுளின் உயிராக நிற்பது அடியின் தலையிலமைந்த எதுகையே. ஓரடியின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து எதுவோ, அதுவே ஏனைய அடிகளின் முதற்சீரிலும் இரண்டாவதாக வரல்வேண்டும். அதனோடு முதலெழுத்துக்கள் குறிலாயின் யாவும் குறிலாகவும், நெடிலாயின் யாவும் நெடிலாகவும் அளவொத்து நிற்றல் வேண்டும். அடியின் வாலை நோக்கிப் பழகிய செவி, இப்போது அதன் தலையை நோக்கித் திரும்பவேண்டியதாயிற்று. முப்பது அகவை கடந்த ஒருவர்க்கு இஃது எளிதன்று.

சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரை ஆசானாகக் கொண்டு அவர் தமிழ் பயின்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. திருக்குறளில் ஆழ்ந்து, அதன் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியிற் பெயர்த்தார். செவிவழி வாராத செல்வத்தை இவ்வாறு கண்வழியும் கருத்துவழியும் ஈட்டினார்.

தேம்பாவணி என்னும் பெருங்காப்பியம்

அவ்வுழைப்பின் பெரும்பயன் 1726 இல் முற்றுப்பெற்ற தேம்பாவணியாகும். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட அக்காப்பியம் மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையது. தலைவனுக்கு வளன் என்று பெயரிட்டது அவர் நுண்மைக்குச் சான்று. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருக்கம் என்னும் பொருளது. அப்பொருளைத் தமிழாக்கிப் பெயராகச் சூட்டினார். பிறமொழிப் பெயரை உள்ளவாறே வைத்தால் ஓசை இடறும். எதுகைக்கு இணைச்சொல்லும் கிட்டாது. வளன் என்றாலோ உளன், களன், இளமை, அளவு எனச் சொற்கள் வந்து நிற்கின்றன.

அக்காப்பியம் விருத்தப்பாவால் நடப்பது. விருத்தம் நாலடியால் அமைவது. நான்கடியும் ஒரே எதுகை பெறல் வேண்டும். 3615 பாடல்களுக்கும் கணக்கிட்டால் 14,460 அடிகளாகும். ஒவ்வோரடியின் தலையிலும் பொருளுக்கும் ஓசைக்கும் ஒருங்கே பொருந்தும் ஒரு சொல்லை அவர் நிறுத்தவேண்டியிருந்தது. ஒரு விருத்தம் எழுதுவதற்குள் ஏட்டைத் தூக்கி எறியும் மாணவர் இந்தத் தொகையைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

எழுத்துத் திருத்தமும் எதுகையும்

முனிவர் எகர ஒகர வடிவங்களைத் திருத்தினார் என்று பாடநூல்கள் கூறும். மாணவர் அதனைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வர். அத்திருத்தத்துக்கும் எதுகைக்கும் உள்ள உறவினைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய முறையிலே எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும். நெடில்கள் புள்ளியின்றி நிற்கும். ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி எழுதுவோர் புள்ளியை விடுத்தனர். அதனால் கொடி என்று எழுதினும் கோடி என்று எழுதினும் வடிவம் ஒன்றேயாயிற்று. பெறு என்பதும் பேறு என்பதும் அவ்வாறே. இடம் நோக்கிப் பொருள் உணரவேண்டிய நிலை ஏற்பட்டது.

தமிழை நன்கறிந்தவர் இடம் நோக்கி உணர்ந்துகொள்வர். எதுகை தேடுபவர்க்கோ இது பெருங்குழப்பம். கொடி என்பதற்கு இணை அடி, முடி, படி, மடி, இடி என்பன. கோடி என்பதற்கு இணை பாடி, நாடி, ஓடி, வாடி, தேடி என்பன. பெறு என்பது உறு, நறு, சிறு, மறு என்பவற்றோடு நிற்கும். பேறு என்பது ஆறு, நீறு, கூறு, வேறு என்பவற்றோடு நிற்கும். முதலெழுத்தின் குறில் நெடில் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாதாயின், எதுகைச் சொற்களை இனம் பிரித்து அடுக்குவது எங்ஙனம்?

முனிவர் குறிலைப் புள்ளியின்றி விடுத்து, நெடிலுக்கு வேறு குறி அமைத்தார். ஏகாரத்துக்குக் காலும் ஓகாரத்துக்குச் சுழியும் வந்தன. உயிர்மெய்யில் ஒற்றைக் கொம்பு குறிலுக்கும் மேற்சுழித்த கொம்பு நெடிலுக்கும் ஆயின. இன்று நாம் எழுதுவது இம்முறையே. இவ்வெழுத்து வேற்றுமை நிலைபெற்றமையால் அகரவரிசையும் எதுகைவரிசையும் ஐயமற அமைக்கக்கூடியனவாயின.

சதுரகராதி

1730 இல் முனிவர் தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலை இயற்றினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தினையும் அஃது ஒருங்கே கூறும். இரண்டாண்டு கழித்து, 1732 இல், சதுரகராதியை ஆக்கினார். இவ்வாண்டு முறையை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். முதலிற் பாடினார், அதன்பின் பாடும் நெறியைச் சொன்னார், அதற்கும் பின்னரே சொற்களைத் தொகுத்துப் பிறர்க்குத் தந்தார். தச்சன் ஒருவன் பல வீடுகளைக் கட்டிய பின்னர், தன் கைக்கு எவ்வெக் கருவி வேண்டியிருந்தது என்று தெரிந்து, அவற்றைப் பெட்டியில் அடுக்கி மாணாக்கனிடம் கொடுப்பது போன்றது இது. அகராதி அவரைக் கவிஞராக்கவில்லை. கவிஞராக இருந்து பட்ட பாடே அகராதியை ஆக்கிற்று.

சதுர் என்றால் நான்கு. பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி என்னும் நான்கும் சேர்ந்தது சதுரகராதி. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பெயரகராதி தரும். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைப் பொருளகராதி தரும். முக்கனி, ஐம்பூதம் என்பன போன்று எண்ணித் தொகுத்து வழங்குபவற்றைத் தொகையகராதி விளக்கும். செய்யுளில் எதுகை முதலிய தொடைகளுக்கு உதவும் சொற்களைத் தொடையகராதி நிரல்பட நிறுத்தும்.

முன்னர்த் தமிழில் இத்தகைய கருவிகள் இல்லையோ எனின், இருந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்னும் நிகண்டுகள் நெடுங்காலம் வழங்கிவந்தன. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரு சொற்குரிய பல பொருள்களை ககர எதுகை முதலாக எதுகை வரிசையிலே அமைத்துச் சொல்வது. ஈழத்துத் திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் அதனை வாய்ப்பாடமாக்கினர். சொற்பொருள் கற்கும்போதே எதுகையும் நெஞ்சில் ஏறியது. நல்லூர் ஆறுமுகநாவலர் 1849 இல் சென்னையில் அச்சிட்டு வெளியிட்ட நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று. 1594 இல் சிதம்பர இரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து முறையில் அடுக்கி அகராதி நிகண்டு செய்திருந்தார்.

ஆயினும் இவை யாவும் செய்யுள் வடிவின. நிகண்டு உதவவேண்டுமாயின் முழு நூலும் நெஞ்சிற் கிடக்கவேண்டும். இளமையிலே மனப்பாடம் செய்யும் வாய்ப்புப் பெறாதவன் என் செய்வான்? முனிவர் அந்நிலையில் தாமே நின்றவர். ஆதலின் செய்யுள் வடிவை விடுத்து, வேண்டும் சொல்லை வேண்டும்போது ஏட்டிலே தேடி எடுக்குமாறு அகரவரிசையில் நிறுத்தினார். தமிழகராதியின் தந்தை என்று அவரை உலகம் போற்றுவது இதனாலேயே.

ஓசையொத்த சொற்களைத் தொகுக்கும் வழக்கம் பிறநாடுகளிலும் உண்டு. சீனநாட்டில் கி.பி. 601 இலேயே இத்தகைய நூல் எழுந்தது. முனிவர் பிறந்த இத்தாலியில் ருசெல்லி என்பார் 1559 இல் வெளியிட்ட யாப்புநூல், இயைபுச் சொற்களின் அகராதியையும் உட்கொண்டது. ஆங்கிலத்தில் யோன் உவாக்கரின் அகராதி 1775 இல் வந்தது. ஐரோப்பிய நூல்கள் சொல்லின் ஈற்றை நோக்கின. முனிவர் அவ்வமைப்பைத் தமிழின்மேற் சுமத்தாமல், தமிழ் யாப்பு கேட்பதையே கேட்டுத் தொடையகராதி அமைத்தார். பிறநாட்டார் ஒருவர் நம் மொழியின் இயல்புக்கு இவ்வாறு பணிந்து நின்றமை வியத்தற்குரியது.

நான்கும் ஒன்றற்கொன்று துணை

தொடையகராதி தனித்து நில்லாமல் ஏனைய மூன்றனோடும் சேர்ந்து நிற்பதன் நயத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

மாணவன் ஒருவன் கடலைப் பாட எண்ணுகின்றான் என்க. கடல் என்று முதலடியைத் தொடங்கிவிட்டான். இணைச்சொல் வேண்டும். உடல், மடல், அடல், திடல், குடல் என்பன வரிசையாக வந்து நிற்கும். குடல் ஓசையால் முற்றும் பொருந்துவதே. எனினும் நிலவொளியிற் கடலழகு பாடுவோன் அதனை எடுத்தானாயின் கேட்போர் நகைப்பர். அடல் என்பது வலிமையையும் போரையும் குறிப்பது; அலையின் ஆற்றலைப் பாடுவோனுக்கு அது உதவும். அச்சொல்லின் பொருளை அறியானாயின் பெயரகராதி அறிவிக்கும்.

இச்சொற்களுள் ஒன்றும் தன் கருத்துக்கு இசையவில்லையாயின் என் செய்வது? பொருளை வளைத்தல் தகாது, பெயரை மாற்றலாம். பொருளகராதியை நாடினால் கடலுக்கு ஆழி, வேலை, பரவை, புணரி, முந்நீர், ஆர்கலி எனப் பல பெயர்கள் கிடைக்கும். ஆழி என்று தொடங்கினால் வாழி, ஊழி, தோழி, நாழி என்னும் சொற்கள் துணைவரும். வேலை என்று தொடங்கினால் மாலை, சோலை, காலை, ஓலை என்பன வரும். மாலைப்பொழுதிற் கடற்கரையை வருணிக்க விழைந்தவனுக்கு வேலையும் மாலையும் ஒருங்கே வாய்த்துவிட்டன. கருத்து மாறவில்லை, கதவு மட்டும் திறந்தது.

கல்லூரி விழாவுக்குக் கவிதை பாடுவோர்க்கும் ஒன்று சொல்வோம். கல்லூரி என்று தொடங்கியவுடன் நல்லோர், வல்லார், எல்லாம், சொல்லி, முல்லை, தொல்லை முதலியன எதிர்வரும். தொல்லை என்னும் சொல் பழைய இலக்கியங்களிலே பழைமையைக் குறிக்கும். இக்காலப் பேச்சிலே துன்பத்தைக் குறிக்கும். பழம்பெருமையைப் பாட எண்ணி அச்சொல்லைக் கல்லூரிக்கு அடுத்து வைத்த மாணவனை அதிபரும் ஆசிரியரும் எங்ஙனம் நோக்குவர் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. ஓசை தரும் நூலொடு பொருள் தரும் நூலையும் முனிவர் ஏன் பிணைத்தார் என்பது இதனால் விளங்கும்.

தேடி எடுத்தல் இழிவோ?

எதுகையை ஏட்டிலே தேடுவது கவிஞனுக்கு இழுக்கு என்று கருதுவோர் உளர். ஊற்றுப்போலச் சொல் தானே சுரக்கவேண்டும் என்பர். இக்கருத்தினை நாம் ஒருசார் ஏற்போம். அம்பாப் பாடும் மீனவனுக்கு அகராதி வேண்டியதில்லை. ஆயினும் அவன் செவியில் ஊறிய சொற்கள் அவன் வாழ்வின் எல்லைக்குட்பட்டவை. கரை, திரை, நுரை, இரை, தரை என்னும் சொற்கள் புல்மோட்டைக் கடலோரச் சிறுவனுக்கு எளிதில் வாய்க்கும். உரை, வரை, புரை, விரை என்பவற்றின் பொருளெல்லாம் அவன் கற்றே அறியவேண்டும். சுரக்கும் கிணற்றையும் ஆழப்படுத்துதல் வேண்டும் அன்றோ?

பிழைபட்ட செவியைத் திருத்துதற்கும் ஏடு வேண்டும். கனிய மணலுக்குப் பெயர்பெற்ற புல்மோட்டையிலே மாணவரைப் பாடச் சொன்னால் மணல் பாட்டில் வாராதிருத்தல் அரிது. மணலுக்கு இணையாக அனல், புனல், கனல் என்பவற்றை அவர்கள் விரைந்து எழுதுவர். செவிக்கு அவை ஒன்றுபோலத் தோன்றும், எழுத்தோ வேறு. மணலில் நிற்பது டண்ணகரம். புனலில் நிற்பது றன்னகரம். இதனை மெல்லின எதுகையென இலக்கணம் ஒருவாறு ஏற்குமெனினும் நேரிய எதுகை ஆகாது. தணல் என்பதே மணலுக்கு நேரிய இணை. அனலும் தணலும் பொருளால் நெருங்கியவை. ஆதலின் மாணவன் இழப்பது ஒன்றுமில்லை, அறிவது ஒன்றுண்டு.

தேடுவதில் இழிவில்லை, தேடியதை ஆராயாது வைப்பதிலேதான் இழிவுண்டு. பொருளின்றிச் சொல்லை நிரப்புவதை வெற்றெனத் தொடுத்தல் என்று நன்னூல் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக எண்ணும். எதுகைக்காகக் கருத்தைப் பலியிடுவோர் இக்குற்றத்துக்கு ஆளாவர்.

இற்றைநாளில் இவ்வெச்சரிக்கை முன்னினும் மிகுதியாக வேண்டப்படுகின்றது. கைப்பேசியில் ஒரு சொல்லை இட்டால் நூறு சொற்கள் நொடிப்பொழுதில் வரிசையாக நிற்கும். முனிவர் விளக்கொளியில் ஓலை புரட்டி ஈட்டிய செல்வம் இன்று விரல்நுனிக்கு வந்துவிட்டது. அதனை நாம் வெறுக்கவில்லை, மாணவர் பயன்கொள்க. ஆனால் நூறு சொற்களுள் தொண்ணூற்றொன்பதைத் தள்ளும் துணிவு கருவிக்கு இல்லை. அது பாடுவோனுக்கே உரியது. அத்துணிவு பல நூல்களைப் படித்தோர்க்கே வரும்.

இறுதிக்காலமும் பின்வரலாறும்

முனிவர் முதுமையில் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் தங்கியிருந்து, 1747 பெப்ரவரி 4 ஆம் நாள் இறையடி எய்தினார். அவ்வூர் இன்று கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ளது. அவ்வூருக்கும் தமிழ் அகராதிக்கும் முன்னரே ஒரு தொடர்புண்டு. அந்தாம் தெ புரொயென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679 இல் அச்சேறியது அம்பலக்காட்டிலேயே. தமிழ்ச் சொற்கள் அகராதியாக அச்சான ஊரிலே தமிழகராதியின் தந்தை கண்மூடினார்.

சதுரகராதி அச்சானதை முனிவர் காணவில்லை. ஏட்டுப் பிரதிகளாக அது கைமாறிக்கொண்டிருந்தது. சென்னையில் ஆட்சியாளராகவிருந்து தமிழிற் பற்றுக்கொண்ட எல்லிசு துரை, முனிவரின் ஏடுகளைத் தேடுமாறு முத்துசாமிப் பிள்ளை என்பவரை 1816 இல் தென்னாட்டுக்கு அனுப்பினார். முத்துசாமிப் பிள்ளை ஏடுகளைத் தேடியதோடமையாது, முனிவரின் வரலாற்றையும் தமிழில் 1822 இல் எழுதினார். 1824 இல் சதுரகராதி சென்னையில் அச்சாயிற்று. ஆசிரியர் மறைந்து அப்போது 77 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதன்பின் அகராதித்துறை விரைந்து வளர்ந்தது. 1842 இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வெளிவந்த தமிழகராதி நம் ஈழத்துக்குப் பெருமை தந்தது. அகராதிகள் பெருகப் பெருக, பெயரும் பொருளும் கூறும் பகுதிகள் அவற்றிலே விரிந்தன. தொடைக்கென்று தனிப்பகுதி வகுக்கும் வழக்கமோ அருகிற்று. முனிவர் வைத்த நான்கு கதவுகளுள் நான்காவது பெரும்பாலும் சாத்தியே கிடக்கின்றது.

சென்னையில் 1968 இல் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்தபோது கடற்கரையில் நிறுவப்பெற்ற தமிழறிஞர் சிலைகளுள் வீரமாமுனிவர் சிலையும் ஒன்று. சிலை எடுத்தோர் தம் கடனைச் செய்தனர். அவர் நூலைத் திறந்து பார்த்தல் தமிழ் கற்போரின் கடனாகும்.

நம் கடப்பாடு

இந்துக் கல்லூரி மலரிலே கிறித்தவத் துறவி ஒருவரின் வரலாறு எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். அவர்க்கு நாம் கூறுவது இது. சைவப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக நெஞ்சில் ஏற்றிய சூடாமணி நிகண்டினை இயற்றிய மண்டல புருடர் சமணர். யாப்பு கற்போர் இன்றும் முதலில் எடுக்கும் யாப்பருங்கலக் காரிகையைத் தந்த அமிதசாகரரும் சமணரே. வீரசோழியம் செய்த புத்தமித்திரர் பௌத்தர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் முஸ்லிம். சைவத்தின் காவலராகிய நாவலர் பெருமானும் இளமையிலே பார்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்குத் தம் தமிழை உதவினார். எதுகைக்குச் சமயமில்லை. முதலெழுத்து அளவொத்து இரண்டாமெழுத்து ஒன்றினால் அஃது எவர் பாட்டிலும் இனிக்கும். பல சமயத்தார் அருகருகே வாழும் திருகோணமலை மாவட்டத்தில் தமிழ் கற்பிக்கும் நாம் இவ்வுண்மையை நாள்தோறும் காண்கின்றோம்.

மாணவரை நோக்கி ஒன்று வேண்டுகின்றோம். அடுத்த மலருக்குக் கவிதை எழுத அமருமுன் ஒரு சிறு குறிப்பேட்டைத் திறந்து, நாளும் ஒரு சொல்லையும் அதற்கு இணையான ஐந்து சொற்களையும் பொருளோடு எழுதி வருக. ஓராண்டில் ஆயிரத்தெண்ணூறு சொற்களுக்கு மேல் உங்கள் கைக்கு வரும். அதுவே நீங்கள் செய்துகொண்ட தொடையகராதி. ஆசிரியப் பெருமக்களும் யாப்பினை விதியாக மட்டும் கற்பியாமல், சொற்களை அடுக்கி ஆராயும் பயிற்சியாகக் கற்பிப்பாராக. பழைய மாணவர் கல்லூரி நூலகத்துக்கு நூல் வழங்கும்போது சதுரகராதிப் படி ஒன்றையும் சேர்த்து வழங்குவாராயின், விழா முடிந்த பின்னும் அவ்வுதவி நிலைத்து நிற்கும்.

பிறமொழியாளர் ஒருவர் முப்பதாம் அகவைக்குப்பின் பயின்று, பாடி, நெறி வகுத்து, சொல் தொகுத்து நமக்கு அளித்துச் சென்றார். பிறந்த நாள்தொட்டு இம்மொழியைக் கேட்டு வளரும் நாம் அதனைப் பெற்றுக்கொள்ளும் உழைப்பையேனும் மேற்கொள்வோமாக.